பொன் போட்டும் இறங்காத வீக்கம்

ஆம்பூரில் நான் போய் இறங்கியது 1963 ஆடி மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை. பினாங்குத் துறைமுகத்தில் கணக்கு எழுதும் எனக்கு மூன்று வருஷ விடுப்பு ஒன்றாகச் சேர்ந்திருந்தது. தங்கை சரோஜாவைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கவில்லை. அவள் பெண் கோமளாவைப் பார்த்ததே இல்லை. குழந்தைக்கென்று ஒரு மழைக்கோட்டு வாங்கிப் போயிருந்தேன். பினாங்கில் பிற்பகல்தோறும் வானம் உடைத்துக்கொண்டு கொட்டும். ரயில் பாலத்தின் மேல் போகும்போது பாலாற்றை எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை மணல். அப்போதுதான் அந்தக் கோட்டைப் பற்றிச் சந்தேகம் வந்தது.

வீட்டில் குழந்தை இல்லை.

"மாதனூர்ல இருக்குது, நாத்தனார் வீட்ல," என்றாள் சரோஜா, காப்பியை ஆற்றிக்கொண்டே. "எனக்கு உடம்பு சரியில்ல இல்ல, அதான்." அவளுடைய காதோரம் இரண்டு பக்கமும் வீங்கி, முகம் சதுரமாகத் தெரிந்தது. கழுத்தில் தாலியோடு கனமான தங்கச் சங்கிலி ஒன்று கிடந்தது. பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் 'டக்' என்று பிரிந்தது.

உள்ளேயிருந்து அத்தை வந்தார். என் அப்பாவின் கூடப்பிறந்தவர். இப்போது சரோஜாவுக்கு மாமியார். குடியாத்தத்தில் தறிக்கார வீட்டில் பிறந்த குரல், தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியது. "வா கோபாலு. அப்பன் காது அப்பிடியே இருக்குது ஒனக்கு. இவளைப் பாத்தியா? பொன்னுக்கு வீங்கி. போறேன் போறேன்னு போய்ட்டு மறுபடி வந்து நிக்குது."

பொன்னுக்கு வீங்கி வந்தவர் கழுத்தில் தங்கம் போட்டால் வீக்கம் இறங்கும் என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். பொன்னுக்கு ஆசைப்பட்டு வீங்குகிறதாம். எங்கள் ஊர்ச் சீனர்கள் இதைப் பன்றித்தலை நோய் என்பார்கள். கன்னத்தில் நீல மையால் புலி என்ற எழுத்தை எழுதிவிடுவார்கள். பன்றி புலியைக் கண்டால் ஓடாதா? இரண்டு ஊரிலும் வீக்கம் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே வடியும். பெயர் தங்கத்துக்கும் புலிக்கும் போகும்.

எதையும் மாத வாரியாக அடுக்கிப் பார்த்தால்தான் எனக்கு மனசில் தங்கும். அன்று சாயங்காலம் அத்தையைக் கேட்டுக் கேட்டு அடுக்கினேன். மார்கழியில் தெருப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அதே சமயம் சரோஜாவின் கன்னமும் வீங்கியது. ஒட்டிக்கொள்ளும் நோய் என்று குழந்தையை மாதனூருக்கு அனுப்பினார்கள். அத்தை தன் சங்கிலியைக் கழற்றி மருமகளுக்குப் போட்டார். தை பிறந்ததும் வீக்கம் வடிந்தது. குழந்தையைக் கூட்டிவர ஆள் போவதற்குள் மாசியில் மறுபடி வீங்கியது.

இதற்கு அத்தையிடம் காரணம் இருந்தது. இடையில் அந்தச் சங்கிலி அறுந்து, ஆசாரியிடம் உருக்கிச் செய்யக் கொடுத்திருந்தார். அதற்குள் தங்கக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது. "டெல்லிக்காரன் பொன்னுல செம்பைக் கலந்து குடுன்னுட்டான். அந்தப் பொன்னுக்கு எந்த வீக்கம் இறங்கும்? நீயே சொல்லு." அதனால் சித்திரையில் பக்கத்து வீட்டு கைருன்பீயிடம் பழைய தங்கமாக ஒரு சங்கிலி இரவல் வாங்கிப் போட்டார். வைகாசியில் வடிந்தது. ஆடியில் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறது.

"அப்போ குழந்தை?"

"முழுசா போவட்டும், கூட்டிக்கலாம்," என்றார் அத்தை. சரோஜா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாதனூருக்கு அனுப்பியபோது குழந்தைக்கு 'அம்மா' என்று மட்டும்தான் சொல்ல வரும் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

சனிக்கிழமை கைருன்பீ வீட்டில் நிச்சயதார்த்தம். காலையிலிருந்தே கொல்லையில் அண்டா ஏறிவிட்டது. ஆம்பூர் பிரியாணியைப் பற்றிக் கப்பலிலேயே ஒருவர் எனக்கு விரிவுரை செய்திருந்தார், அது மிகையில்லை. எங்கள் பினாங்கில் சோற்றின் மேல் நாலு குழம்பை ஊற்றிக் கலப்பார்கள். இங்கே சீரகச் சம்பா அரிசியிலேயே எல்லாம் ஏறியிருக்கிறது. பக்கத்தில் புளிப்பும் காரமுமாகக் கத்திரிக்காய். தொட்டுக்கொள்ளத் தயிரில் வெங்காயம். சரோஜா பிரியாணியைத் தொடவில்லை. காரம் பட்டால் வாய் தீயாக எரிகிறதாம்.

ஆனால் அந்த வெங்காயம் முழுவதையும் அவள்தான் அரிந்தாள். ஏழெட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் புளி ஆய்வதுபோல நிதானமாக அரிந்துகொண்டிருந்தாள்.

"சரோஜாகிட்ட தள்ளுங்கடி எல்லாத்தையும்," என்றார் கைருன்பீ. "அவளுக்குக் கண்ணுல பொட்டுத் தண்ணி வராது."

"மாமியாகிட்ட அழுது அழுது ஸ்டாக் தீந்துபோச்சு போல," என்றாள் ஒருத்தி.

"நான் அழ வெச்சிருந்தா இவ இப்பிடியா வீங்கியிருப்பா? வத்திப்போயிருப்பா," என்றார் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். சரோஜாவும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொன்னுக்கு வீங்கி கன்னத்துக்கு வரும். அதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? பினாங்கு நூலகத்தில் வைத்தியப் புத்தகங்களையும் விட்டுவைக்காதவன் நான். அரைகுறையாகப் படித்ததில் ஒன்று நன்றாக நினைவிருந்தது: இந்த நோய் ஒருவருக்குப் பெரும்பாலும் ஒரே தடவைதான் வரும். இப்படிச் சுற்றிச் சுற்றி வராது. "கண்ணு எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டேன். சரோஜா யோசித்துவிட்டு, "மணல் விழுந்தா மாதிரி இருக்கும்ணா. கோமளா வயித்துல இருக்கச்சவே," என்றாள். அப்படியானால் மார்கழிக்கும் முன்பு. என் அடுக்கு முதல் வரிசையிலேயே தப்பு.

வேலூருக்குக் கூட்டிப்போகிறேன் என்றதும் அத்தை ஒப்பவில்லை. ஊசி போட்டால் வீக்கம் உள்ளே இறங்கிவிடுமாம். சரோஜாவின் புருஷன், மச்சான் தணிகாசலம்தான் முடித்துவைத்தார். அவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலை. நாளெல்லாம் தோலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து ரகம் சொல்பவர். வீட்டில் அதிகம் பேச மாட்டார். "போய்ட்டு வரட்டும்மா. இன்னா ஆயிடப்போவுது," என்றார். அதுவே அந்த மாதத்தில் அவர் பேசிய பெரிய பேச்சு என்றாள் சரோஜா.

திங்கட்கிழமை பஸ். மேலே உப்புப் போட்ட ஈரத்தோல் கட்டு ஏற்றியிருந்தார்கள். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் என் வெள்ளைச் சட்டையின் தோளில் சொட்டுச் சொட்டாக உப்புத்தண்ணீர் இறங்கிவிட்டது. முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள் உருதுவில் கடுமையாக வாதாடினார்கள். அரசியல் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்தவர் தமிழில் சொன்னார்: "அவர் சொல்றாரு, உன் தோல் என் சம்பந்தி மேல சொட்டுது. இவர் சொல்றாரு, சம்பந்தியைத் தள்ளி உக்காரச் சொல்லு, தோலைத் தள்ள முடியாது." கண்டக்டர் என் சட்டையைப் பார்த்து, "ஒண்ணும் ஆவாது சார், சட்டை கெட்டுப்போகாம இருக்கும்," என்றார்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வரிசையில் வங்காளம், தெலுங்கு, இந்தி எல்லாம் கேட்டது. சிலோனிலிருந்து வந்த ஒரு குடும்பம் பாயை விரித்து ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்றுகொண்டிருந்தது. டாக்டர் ஓர் அம்மாள். மலையாள வாடையடிக்கும் தமிழ். சரோஜாவின் வாய்க்குள் மரக்கரண்டியை வைத்தார். அது நாக்கில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. டாக்டர் 'ம்' என்று மட்டும் சொன்னார். பிறகு மை ஒற்றும் தாளைப் போன்ற ஒரு சின்னத் துண்டை மடித்து அவள் கீழ் இமைக்குள் செருகி, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். எடுத்தபோது மடிப்போரம் மட்டும் லேசாக ஈரம்.

அது எவ்வளவு ஈரமாக வேண்டும் என்று கேட்டேன். அவர் கேலியாகப் பார்த்துவிட்டு இன்னொரு துண்டை என் கண்ணில் செருகினார். எனக்குத் தாள் முழுக்க நனைந்து கன்னத்தில் வழிந்தது. "இவ்வளவு," என்றார். கண்ணைத் துடைக்கும் என்னைப் பார்த்துச் சரோஜா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ரத்தம் எடுத்தார்கள். இரவு ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் போனோம். டாக்டர் முதலில் கேட்டது: "சின்ன வயசில் பொன்னுக்கு வீங்கி வந்தது உண்டோ?"

சரோஜாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். பினாங்கை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலம். பள்ளிக்கூடத்தில் காலையில் ஜப்பான் ராஜாவுக்காகக் கிழக்கே பார்த்துக் குனிய வைத்த வருஷம். எனக்கும் அவளுக்கும் ஒரே வாரத்தில் வந்தது. மரவள்ளிக்கிழங்கை மெல்ல முடியாமல் இரண்டு பேரும் அழுதோம். அம்மா ஊறவைத்த துணியைத் தாடையில் கட்டிவிட்டார். போடுவதற்குப் பொன் கிடையாது. இருந்ததெல்லாம் அரிசியாக மாறிவிட்டிருந்தது.

நான் சொன்னதை டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு சொன்னார்: "அப்போ இது அதுவல்ல. இதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு, வேண்டாம். வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க உடம்பில் ஒரு சக்தி இருக்கே? அது ஆள் தெரியாமல் சொந்த உமிழ்நீர்ச் சுரப்பியையே அடிக்கிறது. கண்ணீர்ச் சுரப்பியையும். அதான் வாய், கண் ரெண்டும் வறண்டது. வீங்குவதும் வடிவதும் அதன் குணம்."

"அந்தச் சக்திக்கு ஆள் தெரியாமல் போனது எதனால்? அன்றைக்கு வந்த வைரஸ் அந்தச் சுரப்பியில்தானே குடியிருந்தது? அதை அடிக்கப்போய்ப் பழகின கை..." என்று இழுத்தேன்.

"சிலர் அப்படிச் சந்தேகப்படுகிறார்கள்," என்றார் டாக்டர். "எனக்கும் சந்தேகம் உண்டு. நிரூபணம் இல்லை. நீங்களும் அதே வாரம் படுத்தீர்களே, உங்கள் கண்ணில் நேற்று பாலாறு ஓடியது."

"பாலாற்றில் தண்ணீரே இல்லையே, அம்மா."

"சரி, காவேரி. என்னிடம் இந்த நோயோடு வரும் பெண்களைக் கேட்டால், சின்ன வயசில் பொன்னுக்கு வீங்கி வந்தது என்பார்கள். இந்த நோய் இல்லாத பெண்களைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். முன்னால் நடந்தது என்பதால் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியுமோ? வேறு ஏதாவது வைரஸாக இருக்கலாம். வைரஸே இல்லாமலும் இருக்கலாம்."

தேதிகளை அடுக்கினால் காரணம் தானாக வெளியே வந்துவிடும் என்று நம்புகிறவன் நான்.

சரோஜாவுக்கு இதெல்லாம் அவசியமில்லை. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒட்டுமா, டாக்டர்?"

"ஒட்டாது."

"குழந்தைக்கு முத்தம் குடுக்கலாமா?"

"நூறு கொடு." பிறகு குரலைத் தணித்து, இதை முழுக்கக் குணமாக்கும் மருந்து இல்லை என்றும் சொன்னார். கண்ணுக்குச் சொட்டு மருந்து, பல்லைப் பத்திரமாகப் பார்ப்பது, கூடவே தண்ணீர். சரோஜா அதைக் கேட்டாளா என்பதே சந்தேகம். படியிறங்கும்போது, "இப்போ கெளம்பினா மத்தியானம் மாதனூர் தாண்டலாம் இல்லண்ணா?" என்றாள்.

தாண்ட முடியவில்லை. மாதனூரிலேயே டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் காற்றில்லாமல் கிடந்தது. டிரைவர் அதை உருட்டிக்கொண்டு சைக்கிள் கடைப் பக்கம் போனார். ஜனங்கள் புளியமரத்தடியில் இறங்கி நின்றார்கள். நாத்தனார் வசந்தாவின் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். சரோஜா என்னிடம் ஒன்றும் கேட்காமல் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

வேர்க்கடலைக் கொல்லைக்கு அப்பால் ஓட்டு வீடு. வாசலில் ஒரு சின்னப் பெண் கோழியைக் கும்பிட்டுக் கும்பிட்டு அழைத்துக்கொண்டிருந்தது. காது எங்கள் அப்பாவின் காது. சரோஜா வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

"போம்மா. ஒட்டாது என்று சொல்லிவிட்டார்களே."

"தெரியும்ணா."

"பின்னே?"

"நான் இப்போ தூக்கிட்டுப் போய்டுவேன். நாளைக்கு இதுக்கோ, வசந்தா புள்ளைங்களுக்கோ கன்னம் வீங்குதுன்னு வெச்சிக்க. மழைக்காலம் வந்தா எவனுக்காவது வீங்கத்தான் போவுது. ஊரே என்னைத்தான் சொல்லும். அத்தை வாயால சொல்லணும், ஒட்டாதுன்னு. அவங்க சொன்னா இந்தப் பக்கம் எவளும் வாயைத் தொறக்க மாட்டா."

குழந்தை நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. யாரோ வழிப்போக்கர் என்று நினைத்துக் கோழியிடம் திரும்பிவிட்டது. அதற்குள் கண்டக்டர் விசில் ஊதினார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடம்பே உடம்பை அடிக்கிறது என்ற இடத்தில் அவர் கையை நீட்டி நிறுத்தினார். "தன்னைத் தானே கடிச்சிக்க அது இன்னா நாயா?"

எதிர்பாராமல் மச்சான் வாயைத் திறந்தார். "ஏன்மா, சுண்ணாம்புக் குழியில தோலை எதுக்குப் போடுறோம்? மயிரைத் தின்னட்டும்னுதான. கணக்குத் தப்பி ஜாஸ்தி கெடந்துச்சின்னா? தோலையே தின்னுடுது. சுண்ணாம்புக்கு மயிர் எது, தோல் எதுன்னு தெரியுமா?"

நான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த உவமை. எனக்குப் புல்லரித்தது. அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. "எம் மருமவ இன்னா ஆட்டுத்தோலாடா?" என்றார்.

கடைசி முயற்சியாக ஜப்பான்காரன் காலத்துக் கதையைச் சொன்னேன். இவளுக்குப் பொன்னுக்கு வீங்கி முன்பே வந்து போய்விட்டது, மறுபடி வராது என்று காட்டுவதற்காகத்தான். அத்தை கவனித்தது வேறு. "அப்போ பொன்னு போடலியா?"

"எங்கே இருந்தது போட?"

"குண்டுமணி கூடவா?"

"தோடு கூட இல்லை, அத்தை. அம்மா காதில் வேப்பங்குச்சி போட்டிருந்தார்."

அத்தையின் கை தன் காதுக்குப் போயிற்று. தன் தம்பியின் வீடு அப்படி இருந்தது என்று அவருக்கு யாரும் எழுதியதில்லை. கடல் தாண்டிக் கடிதம் வராத வருஷங்கள் அவை. பிறகு, எதையோ முடிவாகக் கண்டுபிடித்தவர்போலத் தலையாட்டினார். "அதான் சங்கதி. அன்னிக்கே பொன்னு போட்டு அனுப்பியிருந்தா போயிருக்கும். போடல. உள்ளயே தங்கிடுச்சி. இது இப்போ வந்ததே இல்ல, இருவது வருஷத்துப் பழசு. பழசு எங்கயாவது ஒட்டுமா? ஒட்டுறதா இருந்தா இவனுக்கு இல்ல மொதல்ல ஒட்டியிருக்கும்!" என்று தன் பிள்ளையைக் காட்டினார். மச்சான் தோளைத் துடைத்துக்கொண்டார்.

இதில் விசித்திரம் என்னவென்றால், டாக்டர் அம்மாள் சந்தேகமாக விட்டுவைத்த இடத்துக்கே அத்தையும் வந்து சேர்ந்திருந்தார்: என்றோ வந்த நோய் போகும்போது எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அத்தையிடம் 'லாம்' மட்டும் இல்லை. விளக்கலாம் என்று வாயெடுத்தேன். சரோஜா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைக் குடித்தேன்.

"அத்தை," என்றாள் சரோஜா, "நாளைக்கு யாராவது கேட்டா?"

"எவ கேக்குறா, பாக்குறேன்." அத்தை எழுந்து அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார். "கைருன்பீ, இந்தா ஒன் பொன்னு!" என்று கொல்லைச் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டார். அந்தக் குரலுக்கு இரண்டு தெரு கேட்டிருக்கும். "எம் மருமவளுக்கு இருக்கிறது ஒட்டுற நோய் இல்லியாம்! வேலூர்ல சொல்லிட்டாங்க!"

வேலூரில் சொன்னது உண்மைதான்.

வியாழக்கிழமை வசந்தா குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். முற்பகல் முழுக்க அது வசந்தாவின் முந்தானையைவிட்டு நகரவில்லை. சரோஜா அழைக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மத்தியானம் வசந்தா சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள். குழந்தை தெருவரை ஓடிப்போய் அழுது, ஓய்ந்து, தானே திரும்பி வந்து தூணைக் கட்டிக்கொண்டு நின்றது. நான் மழைக்கோட்டைக் காட்டினேன். அதைப் பார்த்து இன்னும் அழுதது.

இரவு பசி வென்றது. சரோஜா குழைந்த சோற்றில் பருப்பைப் பிசைந்து, ஒரு வாய் தனக்கு, ஒரு வாய் அதற்கு என்று ஊட்டினாள். அவளுக்குச் சோறு தானாக இறங்காது. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். குழந்தை இதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வாயை வாங்கிக்கொண்டு விழுங்காமல் நிறுத்தியது. டம்ளரைக் காட்டி, "தண்ணி," என்றது. குடித்தது. அடுத்த வாய்க்கும் "தண்ணி". அதற்கடுத்த வாய்க்கும்.

"இன்னாடி இது," என்றார் அத்தை, கூடத்திலிருந்து. "ஆத்தாளுக்கு இருக்கிறது ஒனக்கும் ஒட்டிக்கிச்சா?"

சொல்லி முடித்ததும் அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். மச்சானின் கை இலையில் அப்படியே நின்றது. நான் சரோஜாவைப் பார்க்கத் துணியாமல் விளக்கைப் பார்த்தேன்.

முதலில் சிரித்தது சரோஜாதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, 'டக் டக்' என்று சிரித்தாள். குழந்தைக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. தன் நாக்கையும் மேலே ஒட்டி 'டக்' என்றது.

"ஆமா அத்தை," என்றாள் சரோஜா. "நல்லா ஒட்டிக்கிச்சு."